ஞாயிறு டியூட்டியும் ஆராதனையும்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சனிக்கிழமை, இரவு

எஸ்தர்: பெரியப்பா, நாளைக்கு ஆராதனைக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். இந்த மாசமும் ரோஸ்டர்ல எல்லா ஞாயிறும் எனக்குக் காலை டியூட்டி.

பெரியப்பா: எல்லா ஞாயிறுமா? போன மாசமும் இதையே சொன்னியேம்மா.

எஸ்தர்: என்னை ஐசியூ நர்சா மாத்துனதுல இருந்தே இப்படித்தான் பெரியப்பா.

பெரியப்பா: "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக." பத்துக் கட்டளைல ஒண்ணும்மா இது. ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடலை நினைச்சுப் பாரு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயித்துக்கிழமை வருதுன்னு தெரிஞ்சதும் ஓட மாட்டேன்னுட்டார். 400 மீட்டர்ல ஆண்டவர் அவருக்குத் தங்கம் கொடுத்தார்.

அத்தை: அண்ணே, லிடல் ஓடலைன்னா யார் உயிரும் போகாது. வென்டிலேட்டர்ல கிடக்கிறவர் பக்கத்துல இருந்து இவ எழுந்து வர முடியுமா? நானும் வார்டுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவதானே.

அத்தை: லூக்கா 13 படிங்க. ஓய்வுநாள்ல இயேசு ஒரு கூனியைச் சுகமாக்குனதும் ஜெப ஆலயத் தலைவன், வேலை செய்ய ஆறு நாள் இருக்கு, அந்த நாள்ல வந்து சுகமாகிட்டுப் போங்கன்னு ஜனங்களை விரட்டுறான். இயேசு அவனைத்தான் மாயக்காரனேன்னு கண்டிச்சார், கூனியைச் சுகமாக்குனதுக்காக வருத்தப்படல.

பெரியப்பா: நர்ஸ் வேலை பாவம்னு நான் எங்க சொன்னேன்? ஒரு ஞாயிறு ரெண்டு ஞாயிறு போகட்டும். எல்லா ஞாயிறும்னா அப்புறம் சபை எதுக்கு? சபை கூடிவருதலை விட்டுவிடாதீங்கன்னு எபிரெயர்ல இருக்கே.

சித்தி: அதுக்குத்தான் சனிக்கிழமை சாயங்காலத் திருப்பலி. எங்க அம்மா வீட்ல எல்லாரும் கத்தோலிக்கர்தானே. முந்தின நாள் மாலையில பூசை கண்டாலே ஞாயிறு கடமை நிறைவேறுச்சுன்னு திருச்சபைச் சட்டமே சொல்லுது. நோய், கைக்குழந்தையைக் கவனிக்கிறது மாதிரி தக்க காரணத்தால வர முடியலைன்னாலும் தவறில்லன்னு மறைக்கல்வி ஏடும் சொல்லுது. எங்க அண்ணன் டிரைவர். அவன் சனிக்கிழமைதான் போவான்.

எஸ்தர்: நம்ம சபைல ஞாயிறு காலை ஒண்ணுதானே சித்தி.

நான்: எஸ்தர், ஒண்ணு கேட்கலாமா? ஆராதனைக்கு வர முடியலைங்கிறது மட்டும்தான் உன் கஷ்டமா?

எஸ்தர்: இல்லக்கா. நைட் முடிஞ்சு வந்தா பைபிளைத் திறந்து வச்சபடியே தூங்கிடறேன். மொபைல்ல ஆராதனை பார்த்தா பாதியில போன் வருது. சபைல அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுத்தே ரொம்ப நாளாச்சு. அதோட சபைல பார்க்கிறவங்கல்லாம் "என்ன, ஆளையே காணோம்"னு கேக்கறாங்க. பின்வாங்கிப் போயிட்டேன்னு நினைக்கிறாங்க போல. அதான் இன்னும் வலிக்குது.

அத்தை: 😔 அப்படிக் கேக்கறவங்க ஒருத்தராவது "உனக்கு எப்போ லீவு, வீட்டுக்கு வந்து ஜெபிக்கட்டுமா"ன்னு கேட்டாங்களா?

சித்தப்பா: ஆதிச் சபைக்காரங்களுக்கு ஞாயிறு லீவே கிடையாது. அதை நாம மறந்துடறோம். முதல் முந்நூறு வருஷம் அவங்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். நிறைய பேர் அடிமைகள் வேற. கி.பி. 112 வாக்குல பிளினிங்கிற ரோம ஆளுநர் டிராஜன் பேரரசனுக்கு எழுதுன கடிதத்துல, இந்தக் கிறிஸ்தவங்க குறிச்ச ஒரு நாள்ல விடியுறதுக்கு முன்னாடியே கூடிப் பாடுறாங்க, அப்புறம் கலைஞ்சு போய் மறுபடி சாப்பாட்டுக்குக் கூடுறாங்கன்னு எழுதியிருக்கான். ஞாயிறு ஓய்வுன்னு கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டது 321ல. அதுலயும் விவசாயிகளுக்கு விலக்கு இருந்துச்சு.

சித்தப்பா: அப்போஸ்தலர் 20ல துரோவாவுல பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்றார். ஐத்திகுங்கிற வாலிபன் ஜன்னல்ல உக்காந்தபடியே தூங்கி மூணாம் மாடியில இருந்து விழுந்துடறான். அவன் பகல் முழுக்க உழைச்சிட்டு வந்தவனா இருக்கலாம்னு எனக்குத் தோணும். பவுல் அவனைத் திட்டல, கீழே இறங்கிப் போய் அணைச்சுக்கிட்டார்.

எஸ்தர்: இதைப் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு சித்தப்பா.

பெரியப்பா: சரி, அவங்க விடியுமுன்னே கூடினாங்க. கூடாம இருக்கலையே. நான் சொல்றதும் அதுதான்.

சித்தப்பா: அது நியாயம்தான் அண்ணே. ஆனா வேலை செய்றவங்களுக்குத் தோதான நேரத்துல அந்தச் சபை கூடுச்சு. நாம நேரத்தை அசைக்கவே மாட்டோம், அவ மட்டும் அசையணும்கிறோம்.

சாம் அண்ணன்: இப்பதான் பார்த்தேன். எங்க ஆபீஸ்ல ரோஸ்டர் போடுறதே நான்தான். அந்தப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன். எஸ்தர், நீ இன்சார்ஜ்கிட்ட வாய்விட்டுக் கேட்டியா?

எஸ்தர்: கேக்கலண்ணா. புதுசா வந்திருக்கேன். சலுகை கேக்கற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்.

சாம் அண்ணன்: ரோஸ்டர் போடுற எங்களுக்கு, கேக்காதவங்க பேரை எங்க வேணா எழுதலாம்னு ஆகிடும். கெட்ட எண்ணம் இல்ல, காலியா இருக்கிற கட்டத்தை நிரப்பணும், அவ்வளவுதான். என் டீம்ல ஒருத்தர் ஞாயித்துக்கிழமை ஆனா வயித்து வலின்னு மெசேஜ் போடுவார். அவர் சபைக்குப் போறார்னு எல்லாருக்கும் தெரியும். ஆண்டவரைத் தொழப் போறதுக்குப் பொய் சொல்லிட்டுப் போறதை என்னால ஏத்துக்கவே முடியல. அவருக்குப் பதிலா ஓடி வர்றவன் கிறிஸ்துவைப் பத்தி என்ன நினைப்பான்?

சாம் அண்ணன்: இன்னொருத்தங்க நேரா வந்து, "மாசத்துல ரெண்டு ஞாயிறு காலை எனக்கு வேணும் சார். மத்தவங்க பண்டிகை நாள்லயும் சனிக்கிழமை ராத்திரியிலும் நான் வர்றேன்"னாங்க. அவங்களுக்கு ஒரு தடவைகூட நான் மறுத்ததில்ல. அவங்களுக்காக மத்தவங்களே ஷிப்ட் மாத்திக்க முன்வர்றாங்க.

நான்: சாம் சொல்றதுல எனக்குப் பிடிச்சது, அவங்க தன் ஓய்வுக்கு விலையா இன்னொருத்தர் ஓய்வைக் கேக்கலைங்கிறதுதான். யாத்திராகமத்துல ஓய்வுநாளுக்குக் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5ல அதே கட்டளை வரும்போது காரணம் வேற: எகிப்துல நீ அடிமையா இருந்தே, அதை நினைச்சுக்கோ. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறணும். லீவே இல்லாம வேலை வாங்கின பார்வோன்கிட்ட இருந்து வந்த ஜனத்துக்குக் கொடுத்த கட்டளை அது. அதனால எஸ்தர் ஓய்வு கேட்டா அது சலுகை இல்ல. கூட வேலை பார்க்கிற நர்சுக்கும், அவங்க எந்த மதமா இருந்தாலும், அதே ஓய்வு வேணும்னு அவ கேக்கணும். ரெண்டும் சேர்ந்தாதான் அந்தக் கட்டளை.

பெரியப்பா: உபாகமத்துல இருக்கிறதை நீ சொல்லித்தான் கவனிக்கிறேன். நல்லா இருக்கு.

எஸ்தர்: அக்கா, இன்னொண்ணும் கேட்டுடறேன். ஞாயிறு டியூட்டிக்கு அலவன்ஸ் கூட வரும். ஆள் குறைஞ்சா எக்ஸ்ட்ரா ஷிப்ட் பார்க்கலாம்னும் கேக்கறாங்க. வீட்டு லோன் இருக்கு. அதை எடுக்கிறது தப்பா?

சித்தி: லோன் இருந்தா என்ன பண்றது, எடுத்துத்தானே ஆகணும்.

நான்: அடைக்க வேண்டியதை அடைக்கிறதும் உண்மைதான் சித்தி, அதை நான் லேசா எண்ணல. ஆனா ரோஸ்டர்ல விழுந்த டியூட்டியும் நாமளா கைதூக்கி வாங்கிக்கிற ஷிப்டும் ஒண்ணு இல்ல. யாத்திராகமம் 16ல வானத்துல இருந்து வந்த உணவான மன்னா ஆறாம் நாள் ரெட்டிப்பா கிடைச்ச பிறகும் சிலர் ஏழாம் நாள் கூடையைத் தூக்கிட்டுப் போறாங்க. ஒண்ணும் கிடைக்கல. போதும்கிறதை நம்ப அவங்களுக்குப் பயமா இருந்துச்சு. எஸ்தர், எக்ஸ்ட்ரா ஷிப்டுக்குச் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி இது தேவையா பயமான்னு உன்னையே கேளு. பதிலை எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

எஸ்தர்: சரிக்கா. யோசிக்கிறேன்.

அத்தை: பைபிளைத் திறந்து வச்சபடியே தூங்கிடறேன்னு சொன்னியேம்மா, அதுக்கு வர்றேன். நெகேமியா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். ராஜா "உனக்கு என்ன வேணும்"னு கேக்கறார். பதில் சொல்றதுக்கு நடுவுல பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினேன்னு எழுதியிருக்கு. முழங்கால் போட நேரம் ஏது? ஒரு மூச்சு விடுற நேரந்தான் இருந்திருக்கும். நான் ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர் எடுக்கையில ஒவ்வொரு பெட்டா நின்னு, அந்த நோயாளி பேரை மனசுக்குள்ள சொல்லி "ஆண்டவரே, இவங்களைப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லுவேன். வெளிய யாருக்கும் தெரியாது, வேலையும் நிக்காது. கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபிக்கலாம்.

எஸ்தர்: நாளைக்குக் காலை டியூட்டியிலயே ஆரம்பிக்கிறேன் அத்தை.

அத்தை: நைட் முடிஞ்சு வந்தா முதல்ல தூங்கு. எலியா சோர்ந்துபோய்ச் சாகணும்னு படுத்தப்போ தூதன் பிரசங்கம் பண்ணல, எழுப்பிச் சாப்பிட வச்சான். அவன் திரும்பப் படுத்துக்கிட்டான். இதுக்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். தூங்கி எழுந்து ஒரே ஒரு சங்கீதம் வாசி.

சித்தப்பா: ஆனா அதுவே சபைக்குப் பதிலாகிடக் கூடாது. தனி ஜெபத்தால நிக்கிற விசுவாசம் கொஞ்ச நாள்ல தனிமையாப் போகும். மொபைல் ஆராதனையும் அப்படித்தான். அப்பத்தையும் ரசத்தையும் திரை வழியா யாரும் நீட்ட முடியாது.

சாம் அண்ணன்: எஸ்தர், இன்சார்ஜுக்கு ஒரு மெசேஜ் எழுது. இங்கயே போடு, பார்க்கலாம்.

எஸ்தர்: "மேடம், வணக்கம். தயவுசெய்து மன்னிக்கவும். முடிந்தால் ஞாயிறு லீவு கொடுத்தால் நன்றாக இருக்கும்."

சாம் அண்ணன்: மன்னிப்பு எதுக்கு? இப்படி எழுது: "மேடம், வணக்கம். நான் கிறிஸ்தவள். ஞாயிறு காலை ஆராதனை எனக்கு முக்கியம். அடுத்த மாச ரோஸ்டரில் ரெண்டு ஞாயிறாவது எனக்கு மதியம் அல்லது நைட் டியூட்டி தர முடியுமா? பதிலாக மற்றவர்களின் பண்டிகை நாட்களில் நான் வருகிறேன். அவசரம் என்றால் எந்த ஞாயிறும் வருவேன்." ரோஸ்டர் போட்ட பிறகு கேட்டா யாராலயும் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடியே அனுப்பிடு.

அத்தை: கடைசி வரி கட்டாயம் இருக்கட்டும். ஐசியூல அது வெறும் மரியாதைக்குச் சொல்ற வார்த்தை இல்ல.

எஸ்தர்: 👍 திங்கட்கிழமை அனுப்பறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

பெரியப்பா: ஆராதனை முடிஞ்சு போதகர் ஐயாகிட்டப் பேசினேன். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் திருவிருந்தோட சின்ன ஆராதனை வைக்க முடியுமான்னு கேட்டேன். எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. நம்ம சபைல ஞாயிறு வேலைக்குப் போறவங்க யார் யார்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சித்தி: எங்க தெருவுல செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர். முன்னாடி பாடற்குழுவுல இருந்தார்.

சித்தப்பா: பஸ் டிரைவர் ஒருத்தர். அவர் மனைவி பிள்ளைங்க மட்டும்தான் வர்றாங்க.

அத்தை: வீட்டு வேலைக்குப் போற ரெண்டு அக்கா தங்கச்சி. ஞாயிறுலதான் அவங்களுக்கு வேலை அதிகம். விருந்தாளிங்க வர்றது நம்மள மாதிரி சபைக்குப் போயிட்டு வர்ற வீடுங்களுக்குத்தான்.

நான்: அத்தை, அப்போ நம்ம வீடுகள்ல ஞாயிறு அவங்களுக்குச் சம்பளத்தோட லீவு கொடுத்துடலாம். எங்க வீட்ல இந்த வாரத்துல இருந்தே.

பெரியப்பா: எங்க வீட்லயும். எஸ்தர், உனக்கு எந்தச் சாயங்காலம் தோதுப்படும்?

எஸ்தர்: புதன்கிழமை பெரியப்பா. நைட் டியூட்டி இருந்தாலும் போறதுக்கு முன்னாடி வந்துடலாம்.

பெரியப்பா: செக்யூரிட்டிக்கும் டிரைவருக்கும் புதன் சரிப்படுமான்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும். நம்பர் அனுப்புங்க, நானே பேசறேன்.