நிகழ்வு கையாளியா, வேறு சொல்லா?

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

மென்பொருளில் ஒரு நிகழ்வு நடந்ததும் ஓடும் நிரல்துண்டான ஈவென்ட் ஹேண்ட்லருக்குத் தமிழில் 'நிகழ்வு கையாளி' என்றே முடிவு செய்துவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மல்லிகை வியாபாரிக்கு மென்பொருள் எழுதினேன். வெளியூரிலிருந்து ஆர்டர் வரும், பூவை எடை போடுவார்கள், அன்றைய விலை முடிவாகும், பெட்டி பஸ் ஏறும், பணம் வரும். இந்தப் பணியோட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. எடை போட்டாயிற்று என்று செய்தி வந்ததும் பில் போட ஒரு நிரல்துண்டு இருக்கிறது. பணம் வந்ததும் ரசீது அனுப்ப இன்னொன்று. இந்தத் துண்டுகள் நிகழ்வைத் தொடுவதே இல்லை. அது நடந்து முடிந்த சங்கதி, யாராலும் மாற்ற முடியாது. காத்திருந்து, வந்ததும் வாங்கிக்கொண்டு, தன் வேலையைச் செய்வதோடு சரி. கையாளுதல் என்றால் ஒன்றை எடுத்துப் புழங்குவது, அல்லது சமாளிப்பது. அந்தப் பொருள் இங்கே பொருந்தவில்லை.

மாணவர்களுக்கு இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது சித்திரைத் திருவிழா. அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் மதுரைக்கு வரும் வழியெல்லாம் அவர் நின்று மரியாதை ஏற்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். மண்டகப்படிக்காரர் தன் இடத்தில் காத்திருக்கிறார். அழகர் வந்ததும் தன் மரியாதையைச் செய்கிறார். அழகர் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார். புதிதாக ஒரு மண்டகப்படி சேர்ந்தால் மற்றவர்கள் யாரும் தங்கள் முறையை மாற்ற வேண்டியதில்லை. நிகழ்வுகளை வைத்து மென்பொருள் கட்டுவதன் பலனே இதுதான்: ரசீது அனுப்பும் துண்டைத் தொடாமல் கணக்கில் வரவு வைக்கும் துண்டைச் சேர்த்துவிடலாம். மூன்றுமாவடியில் மதுரை மக்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்பதை எதிர்சேவை என்கிறோம். அந்த 'எதிர்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'எதிர்கொள்ளி' என்று வைக்கலாமா?

பணியோட்டம் வரைய உதவும் பிபிஎம்என் குறியீட்டிலும் (2.0 பதிப்பு 2011இல் வந்தது) நிகழ்வுக்கு வட்டம்தான். தொடக்கத்துக்கு மெல்லிய கோடு, இடையில் வருவதற்கு இரட்டைக் கோடு, முடிவுக்குத் தடித்த கோடு. அதிலும் நிகழ்வைப் பெறுவது வேறு, விடுப்பது வேறு என்று பிரித்திருக்கிறார்கள்.

---

தம்பி,

மண்டகப்படி உவமை அருமை. ஆனால் எதிர்கொள்ளி என்றதும் காதில் விழுவது 'கொள்ளி'. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொள்ளி வைப்பதுதான் நினைவுக்கு வரும். போதாததற்கு, இன்றைய செய்தித்தாளில் எதிர்கொள்வதெல்லாம் சவாலையும் தேர்தலையும்தான். வரவேற்கும் பொருள் மங்கிவிட்டது.

ஏற்றல் என்ற வினையைப் பாருங்கள். பதவியேற்கிறோம், பொறுப்பேற்கிறோம். வாங்குவதும், வாங்கிய பின் செய்ய வேண்டியதும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. 'நிகழ்வேற்பி' என்று ஒரே சொல்லாகச் சேர்க்கலாம். உயிரியலில் ரிசெப்டரை ஏற்பி என்பார்கள். முன்னால் நிகழ்வு நிற்பதால் குழப்பம் வராது.

ஒரு சின்ன உறுத்தல் மட்டும் உண்டு. 'நிகழ்' என்பது நிகழ்காலத்தின் வேர். நீங்கள் சொல்வதோ முடிந்துபோன செயல். அதை எப்படிக் காட்டப் போகிறீர்கள்?

---

ஐயா,

நிகழ்வேற்பி எனக்கு முழுச் சம்மதம். எதிர்கொள்ளியை விட்டுவிடுகிறேன்.

காலத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதில்தான் நான் முன்பு தவறு செய்தேன். பூக்கடை மென்பொருளில் ஒரு நிகழ்வுக்கு 'பில்_போடு' என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு துண்டுகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன, இரண்டுமே பில் போட்டன. ஒரே பெட்டிக்கு இரண்டு பில் போனதில் வியாபாரிக்கும் வெளியூர்க்காரருக்கும் மனக்கசப்பு. நிகழ்வு என்று சொல்லிவிட்டுக் கட்டளையைப் பெயராக வைத்தது என் பிழை.

நம் இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. நிகழ்வுக்கு இறந்தகால வினைமுற்று: எடை_முடிந்தது, பணம்_வந்தது. கட்டளைக்கு ஏவல்: ரசீது_அனுப்பு. நிகழ்வேற்பிக்கு, இன்னும் அழகாக, 'தும்' ஈறு: எடை_முடிந்ததும், பணம்_வந்ததும். ஆங்கிலத்தில் 'ஆன்' என்று முன்னால் ஒட்டுவதை நாம் வினையின் கடைசியில் சொல்லிவிடுகிறோம். ஆன்கிளிக் என்பது சொடுக்கியதும். பெயரைப் பார்த்தாலே நிகழ்வா, கட்டளையா, ஏற்பியா என்று தெரிந்துவிடும். பைத்தான் 3 நிரல்மொழியில் தமிழ் எழுத்திலேயே இப்படிப் பெயர் வைக்கலாம். எழுதிப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது.

'பணம்_வந்ததும்' என்ற பெயருக்குக் கீழே உள்ள நிரலைப் படித்தால், மீதி வாக்கியம் தானாக நிறைகிறது: பணம் வந்ததும் ரசீது அனுப்பு, கணக்கில் வரவு வை.

பாடக்குறிப்பில் இன்றே மாற்றிவிடுகிறேன். அதில் பணியோட்டம் என்றும் பணிப்பாய்வு என்றும் கலந்து எழுதியிருக்கிறேன். எனக்குத் தேரோட்டத்தில் வரும் ஓட்டம்தான் பிடித்திருக்கிறது, ஐயாவுக்கு எப்படி?