பத்து நாள் மௌனத்துக்குப் போக முடியாதவர் வீட்டிலேயே பழக முடியுமா?

காரைக்குடி மருமகள்:
வணக்கம். மாமியார் பக்கவாதத்தில் படுத்து ஒரு வருடமாகிறது. எங்கள் வழக்கப்படி எங்களைத் தனி அடுப்போடு வேறு வைத்துப் பல வருடங்களானாலும், இப்போது வீட்டு வளவில் எரியும் இரண்டு அடுப்பும் என் பொறுப்புதான். போன வாரம் அவர் வாயோரம் கஞ்சி வழிந்தபோது, கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்துவிட்டேன். அவர் இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை. பேசாமலிருந்து தியானம் பழகும் விபாசனா முகாமுக்குப் போகச் சொல்கிறார்கள். பத்து நாள் வீட்டை யாரிடம் விட்டுப் போவேன்? கொழுந்தனாரோ, அதெல்லாம் துறவிகளுக்கு உரியது என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், "மூச்சைக் கவனித்தால் உலகத்து அநியாயம் மாறிவிடுமா?" என்று கேட்கிறாள். அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
துறவிகளுக்கு மட்டும் என்பது சரியன்று. நம் செட்டிநாட்டார் ரங்கூனிலும் மோல்மீனிலும் கொடுக்கல் வாங்கல் செய்துவந்த பர்மாவில், 1948இல் அந்நாடு விடுதலை பெற்ற நாளில் அக்கவுண்டன்ட் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாக, பொறுப்பேற்ற ஊ பா கின், குடும்பஸ்தராக இருந்தபடியே தியானம் கற்பித்தவர். 1952இல் ரங்கூனில் அதற்கென்று ஒரு நிலையமும் தொடங்கினார். ஒற்றைத் தலைவலி தீர வேண்டுமென்று வந்த வணிகர் கோயங்காவை, தலைவலிக்காக மட்டும் வருவதானால் வர வேண்டாம் என்று முதலில் திருப்பி அனுப்பியவரும் அவரே. அந்தக் கோயங்கா வழியாக இது இந்தியாவுக்கு வர 1969 ஆயிற்று. தேக்கு மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே கப்பலேறி வந்துவிட்டது!

குணமாவதைப் பற்றிப் புத்தர் சொன்ன உவமை ஒன்று உண்டு. உடம்பில் தைத்த அம்பு ஒன்று. அதை எண்ணி மனம் தனக்குத்தானே எய்துகொள்ளும் அம்பு இன்னொன்று. பயிற்சி தடுப்பது இரண்டாவதைத்தான். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தியான வகுப்பைத் தொடங்கியபோது, தீராத வலியோடு வந்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தது இதைத்தான். என் முழங்கால் வலி இன்றும் இருக்கிறது; ஆனால் அதைப் பற்றி இரவெல்லாம் புலம்புவது நின்றுவிட்டது. மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட முகாம்களுக்குப் போகக் கூடாது.

கானாடுகாத்தான் ஆசிரியை:
ஆச்சி, வியட்நாம் துறவி திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் நிறுவிய பிளம் கிராமத்தில், மணியோசை கேட்டால் எல்லோரும் கையிலிருக்கும் வேலையை நிறுத்தி மூன்று முறை மூச்சைக் கவனிப்பார்கள். உங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையில் சுவர்க்கடிகாரம் இருந்தால் போதும். கரண்டியைக் கையில் பிடித்தபடியே செய்யலாம்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. குடும்பத்தார் உட்கார்ந்து, முதலில் எதிரிலிருப்பவரிடம் கண்ட நல்லதைச் சொல்ல வேண்டும். இதைப் பூச்செடிக்கு நீர் வார்ப்பது என்கிறார்கள். பிறகு தன் தவறு, அதன் பிறகே தன் மனக்காயம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. எங்கள் வீட்டில் இதைத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை நான் என் கணவரின் நல்ல குணங்களைச் சொல்லத் தொடங்கியதும், "என்ன நகை வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். மூன்றாவது வாரத்தில்தான் அவரும் வாய் திறந்தார்.

சிவகங்கை நூலகர்:
மகளின் கேள்விதான் முக்கியமானது. நினைவு, கவனம் என்று பொருள்படும் இந்தப் பயிற்சிக்குப் பழைய பௌத்த நூல்களின் பாலி மொழியில் 'சதி' என்று பெயர். ஒடுங்கிக் கிடப்பவரை மேலும் பொறுத்துப்போகச் செய்யத்தான் அது பயன்படுமானால், தமிழ்ப் பொருளிலும் அது சதியே ஆகிவிடும். திக் நாட் ஹான் 1960களில் வியட்நாம் போருக்கு நடுவே இளைஞர்களைத் திரட்டி, குண்டுவீச்சில் அழிந்த கிராமங்களை மீண்டும் கட்ட அனுப்பினார். 1967இல் மார்ட்டின் லூதர் கிங் அவரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். நம் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவியதும் சாதி இழிவை எதிர்த்துத்தான்.

ஆகவே, அம்மா, கிண்ணத்தை நங்கென்று வைத்த அந்தக் கோபத்தை அடக்குவதற்கு முன் சற்று உற்றுப் பாருங்கள். அது மாமியார் மீது வந்த கோபமா, அல்லது இரண்டு அடுப்பும் ஒருவர் தலையில் விழுந்ததால் வந்ததா? துறவைப் பற்றிப் பேசும் கொழுந்தனார் வாரத்தில் எத்தனை வேளை சமைக்கிறார்?

காரைக்குடி மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாட்களாகக் கடிகாரம் அடிக்கும்போது நிற்கிறேன். பாதி நேரம் மறந்துவிடுகிறது. கொழுந்தனாரிடம் குரலை உயர்த்தாமல் கேட்டேன். புதன், ஞாயிறு இரண்டு நாளும் சமையல் கொழுந்தனார் வீட்டார் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது. ஒரு சந்தேகம்: மாமியாருக்குப் பேச்சு வருவதில்லை. அந்த மனம்திறக்கும் பயிற்சியை அவரோடு எப்படிச் செய்வது?

கானாடுகாத்தான் ஆசிரியை:
எங்கள் அப்பத்தாவுக்குப் பேச்சு நின்ற பிறகு, கையை ஒருமுறை அழுத்தினால் ஆம், இருமுறை அழுத்தினால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கிண்ணத்திலிருந்து தொடங்குங்கள், ஆச்சி.