இரென்டே முனைக்கு வழிகாட்டி எதுக்கு? (லுஷோட்டோ, தான்சானியா)

மலைக்காகம்:
பயணக் குழு ஒண்ணுல இன்னிக்கு ஒருத்தர் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "லுஷோட்டோவுக்குத் தனியாகப் போகிறவர்கள் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது, இரென்டே முனைக்குக்கூட." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. லுஷோட்டோ மலை ஊர்லேருந்து இரென்டே காட்சிமுனை சுமார் ஆறு கிலோமீட்டர். வண்டி போற ரோடு. ஊர் ஜனம் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நடக்கிற ரோடு. ஒன்றரை மணி நேர நடை. முனையில சின்னதா ஒரு நுழைவுக் கட்டணம், அதையும் கொடுத்துட்டு "நாஓம்பா ரிசிட்டி"ன்னா ரசீது கொடுப்பாங்க. இதுக்கு வழிகாட்டியாம்.

வழித்துணை:
அந்த "ஒருத்தர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், கூச்சம் வேண்டாம். இரென்டே முனை என்பது பூங்கா பெஞ்சு அல்ல. பாறை நுனிக்கு அப்புறம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் சரிவு, கீழே மசிந்தே ஊர், அதற்கப்பால் மசாய் சமவெளி. மார்ச் முதல் மே வரை 'மசிகா' மழை. செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். மேகம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. தனி ஆள் கால் சறுக்கினால் யாரிடம் போய்ச் சொல்வது?

மலைக்காகம்:
சறுக்குறது முனையில. வழிகாட்டி கேக்குறது ரோட்டுக்கு. ரெண்டையும் ஏன் குழப்புறீங்க? மறுபடி சொல்றேன், வண்டி போற ரோடு.

புது_ஆள்:
வணக்கம். ஊரைச் சுற்றி ஓடாமல், ஒரே இடத்தில் தங்கி நிதானமாகப் பார்க்க ஆசை. நிதானப் பயணம் என்றால் குறைந்தது எத்தனை நாள்? ஒரு வாரம் போதுமா? ஜூலையில் போகலாமா?

சில்லறை:
ஜூலைன்னா சுவெட்டர் எடுத்துக்கங்க. ஊர் 1,400 மீட்டர் உயரத்துல இருக்கு. ஆப்பிரிக்கான்னாலே வெயில்னு மெல்லிசா ரெண்டு சட்டையோட போறவங்க ராத்திரி பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் தூங்கணும். இன்னொண்ணு, பத்தாயிரம் ஷில்லிங் நோட்டை நீட்டினா போடாபோடாக்காரர் (பைக் டாக்சி ஓட்டுறவர்) சில்லறைக்கு ஊரையே சுத்துவார். ஆயிரம், ரெண்டாயிரம் நோட்டா மாத்தி வச்சுக்கங்க.

மலைக்காகம்:
புது_ஆள், வழித்துணை பேச்சைக் கேட்டா நிதானமா காசுதான் கரையும். மலையேத்தத்துக்கு வழிகாட்டி வச்சா தனி ஆள்தான் முழுச் செலவையும் ஏத்துக்கணும். நாலு பேர் போனா பங்கு பிரியும், ஒத்தை ஆளுக்குப் பிரிக்க என்ன இருக்கு? அதனால காசை வேண்டிய இடத்துல செலவழிங்க. மகம்பா காட்டுக்குப் போறீங்களா, அங்க கட்டணம் கட்டணும், வழிகாட்டியும் வைக்கணும். அது காப்புக்காடு, கிளைப்பாதை நிறைய, கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்கு எந்த மரத்துல இருக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். லுஷோட்டோவிலேருந்து ரங்வி வழியா ம்தாயே வரைக்கும் மூணு நாள் நடக்கணுமா, அதுக்கும் ஆள் வேணும், பாதை வயலுக்குள்ள புகுந்து புகுந்து போகும். கூட்டிப் போறவர்கிட்ட அடையாள அட்டை பாருங்க. எத்தனை நாள், எத்தனை சாப்பாடு, தங்குற செலவு யாருதுன்னு காகிதத்துல எழுதி வாங்கிட்டு முன்பணம் கொடுங்க. பஸ் ஸ்டாண்டுல கையைப் பிடிக்கிறவர்கிட்ட கொடுக்காதீங்க. இதெல்லாம் நியாயமான செலவு. இரென்டே? வண்டி போற ரோடு.

வழித்துணை:
மகம்பாவுக்கு வேண்டுமாம், இரென்டேக்கு வேண்டாமாம். காடு மட்டும்தான் மனிதரைக் கொல்லுமோ? அஸ்தமனம் பார்க்கத்தான் எல்லோரும் இரென்டே போகிறார்கள். ஆறரை வாக்கில் சூரியன் விழும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அந்திப்பொழுது நீளாது, அரை மணியில் கும்மிருட்டு. அப்புறம் ஒன்றரை மணி நேரம் தனியாக நடந்து வரச் சொல்கிறார் நம் காகம். கணக்கு உதைக்கிறதே, ஐயா.

மலைக்காகம்:
அஸ்தமனம் பாருங்கன்னு எந்த வரியில எழுதினேன்? காலையில ஒன்பதுக்குக் கிளம்புங்க, வழியில இரென்டே பண்ணை இருக்கு, அங்க பண்ணையிலேயே செய்ற ரை ரொட்டி, பாலாடைக்கட்டி, ஜாம் சாப்பிட்டு மத்தியானத்துக்கு மேல திரும்புங்க. அஸ்தமனம் பார்த்தே தீரணும்னா போடாபோடாவை முன்னாடியே பேசி, காத்திருந்து கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பாதிக் காசை ஊருக்குத் திரும்பினப்புறம் கொடுங்க, அப்பத்தான் நிப்பார். போடாபோடாவே போகுதுன்னா அது என்ன ரோடு? வண்டி போற ரோடு.

பழைய_பஸ்காரன்:
முதல்ல ஊர் போய்ச் சேரட்டும்பா. டார் எஸ் சலாமிலிருந்து நேர் பஸ் உண்டு. கிடைக்காவிட்டால் மோஷி, அருஷா போகிற பஸ்ஸில் ஏறி மொம்போவில் இறங்கணும். அங்கிருந்து 33 கிலோமீட்டர் மலை ஏற்றம், சோனி வழியாக. ஷேர் வண்டி ஆள் நிறைந்தால்தான் நகரும். இருட்டிய பின் மொம்போவில் இறங்கினால் வண்டி கிடைப்பது பாடு. டாரில் பஸ் ஏறுவது இப்போது பழைய உபுங்கோ நிலையத்தில் இல்லை, ம்பேசியில் உள்ள மகுஃபுலி நிலையம், 2021லிருந்து. பஸ் 12 மணிக்கு என்றால் காலை ஆறு மணி, தெரியுமில்லையா?

புது_ஆள்:
12 மணி எப்படி ஆறு மணி ஆகும்?

பழைய_பஸ்காரன்:
சுவாஹிலிக் கணக்கு. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள். 'சா மோஜா' என்றால் ஒரு மணி, அதாவது நம்ம காலை ஏழு. 'சா சீதா ம்சானா' நடுப்பகல் பன்னிரண்டு. ஆறைக் கூட்டு அல்லது கழி. நாழிகை எண்ணின வம்சத்துக்கு இது புரியாதா? டிக்கெட்டில் எழுதின எண்ணை மட்டும் நம்பாதே, 'அசுபுஹி'யா 'ம்சானா'வா, காலையா பகலா என்று வாய்விட்டுக் கேள்.

வழித்துணை:
டிக்கெட்டில் ஆறு மணி என்றே எழுதுகிறவர்களும் உண்டு. அவரிடம் போய் ஆறைக் கூட்டினால் பஸ் போய்விட்டிருக்கும். அரைகுறைத் தகவல்.

பழைய_பஸ்காரன்:
அதனால்தானே வாய்விட்டுக் கேள் என்றேன்? கண்ணாடி போட்டுப் படிங்க சார்.

மலைக்காகம்:
வழித்துணைக்கு எண்ணுன்னா எப்பவுமே தகராறுதான். போன வருஷம் உகாண்டாவோட கபாலே ஊர் பத்தின இழையில அங்க இருக்கிற புன்யோனி ஏரி 900 மீட்டர் ஆழம்னு அடிச்சுச் சொன்னவர். அளந்து பார்த்தவங்க கணக்குல அது நாற்பது சொச்சம் மீட்டர். இன்னி வரைக்கும் திருத்தலை.

வழித்துணை:
இது கபாலே இழை அல்ல.

மலைக்காகம்:
அப்ப அங்க போய்த் திருத்துங்க.

சில்லறை:
ரெண்டு பேரையும் அந்த ஏரியில இறக்கினா ஆழம் தெரிஞ்சிடும். அது கெடக்கட்டும், லுஷோட்டோ ஜெர்மன்காரன் காலத்துல தலைநகரமாமே?

பழைய_பஸ்காரன்:
இல்லை. பேர் வில்ஹெல்ம்ஸ்தால், மலை நிர்வாக ஊர், அவ்வளவுதான். தலைநகரம் முதலில் பகமோயோ, 1891லிருந்து டார் எஸ் சலாம்.

வழித்துணை:
வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு ஊரிலேயே தங்கும். அந்த வட்டாரத்துச் சம்பா மொழி தெரிந்த ஒருவர் கூட வந்தால் வயலில் என்ன விளைகிறது, எந்த வீட்டில் படம் எடுக்கக் கூடாது என்று தெரியும். பெரியவர்களைக் கண்டால் "ஷிகமோ" சொல்லவேண்டும் என்பதுகூட தெரியாமல் கேமராவை நீட்டுகிறவர்களுக்கு வண்டி ரோடு போதும்தான்.

மலைக்காகம்:
"ஷிகமோ" சொல்லக் கத்துக்க அரை நிமிஷம், அவங்க "மரஹபா"ன்னு பதில் சொல்ல இன்னொரு அரை நிமிஷம். அதுக்கு ஒரு நாள் கூலியா? காசு ஊர்ல தங்கணும்னா சந்தையில பிளம்ஸ் வாங்குங்க, தினமும் ஒரே கடையில சப்பாத்தியும் மஹராகேயும் (பீன்ஸ்) சாப்பிடுங்க, மூணாம் நாள் கடைக்காரம்மாவே வழி சொல்லும்.

பழைய_பஸ்காரன்:
ஒரு திருத்தம். இரென்டே போவது தார் ரோடு இல்லை, மண் ரோடு.

வழித்துணை:
ஆஹா. இப்போது சொல்லுங்கள்.

மலைக்காகம்:
தார் ரோடுன்னு நான் எங்க எழுதினேன்? வண்டி போற ரோடுன்னேன். மேல போய்ப் பாருங்க, நாலு தடவை எழுதியிருக்கேன்.

புது_ஆள்:
ஒரு வாரம் போதுமா என்று கேட்டிருந்தேன்...

வழித்துணை:
மசிகா மழையில் அந்த மண் ரோட்டில் வண்டி திணறும். அப்போது அது வண்டி போகிற ரோடா?

மலைக்காகம்:
அவர் ஜூலையில போறார். ஜூலையில மசிகா எங்கேருந்து வந்துச்சு? ஜூலையில அது வண்டி போற ரோடு.