கவாத்துக்குப் பிறகு மஞ்சளாகவே துளிர்க்கும் குண்டுமல்லி – யூரியா போடலாமா?

மாடிவாசல் | மார்ச் 3

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு பூந்தோட்டம். அதில் என் குண்டுமல்லிதான் இப்போது கவலை தருகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா ராமநாதபுரத்திலிருந்து வந்தபோது, தங்கச்சிமடத்தில் வாங்கிய மூன்று பதியன்களை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். ஒன்று பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் 20 லிட்டர் பெயின்ட் வாளிகளில் நன்றாக வளர்ந்தன. போன வருடம் பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் பூத்தன.

இந்த முறை பொங்கல் முடிந்த கையோடு ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தேன். பழைய இலைகளில் பாதிக்கு மேல் உருவிவிட்டேன். துளிர் நிறையவே வந்தது. ஆனால் வந்ததெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. மிச்சமிருக்கும் பழைய இலைகள் பச்சைதான், நுனி மட்டும் தீய்ந்த மாதிரி பழுப்பாகியிருக்கிறது.

மண் கலவை செம்மண், மணல், தொழுவுரம். வெயில் காலை எட்டிலிருந்து இரண்டு மணி வரை. தண்ணீர் தினமும் இரண்டு லிட்டர். கவாத்துக்குப் பிறகு மண்புழு உரமும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் கொடுத்தேன். யூரியா ஒரு ஸ்பூன் போட்டால் பச்சை பிடித்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். போடலாமா? சித்திரையில் அம்மா வருகிறார். அவர் கொண்டுவந்த செடி, அவர் வரும்போது பூத்திருக்க வேண்டும் என்று ஆசை.

கொல்லைப்பூ | மார்ச் 3

என் ரோஜாவுக்கும் இப்படி ஆனது. எப்சம் உப்பு ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கலந்து ஊற்றினேன், பத்து நாளில் பச்சை வந்தது. செய்து பாருங்கள்.

செம்மண் | மார்ச் 3

யூரியா வேண்டாம். எப்சம் உப்பும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

செடி மஞ்சளானால் நான் முதலில் பார்ப்பது எந்த இலை என்பதைத்தான். தழைச்சத்தும் (யூரியாவில் இருப்பது) மக்னீசியமும் (எப்சம் உப்பில் இருப்பது) செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொல்லைப்பூ அவர்களின் ரோஜாவில் அநேகமாக அடி இலைதான் மஞ்சளாகியிருக்கும், அதனால்தான் எப்சம் உப்பு கேட்டது. இரும்புச் சத்து அப்படி இடம் மாறாது. இரும்பு கிடைக்காவிட்டால் பழைய இலை பச்சையாக இருக்க, துளிர் மட்டும் வெளுக்கும், நரம்பு பச்சையாக நிற்கும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான்.

ஆனால் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் கிடையாது. அந்தச் சிவப்பே இரும்பால் வருவதுதான். இருக்கிற இரும்பை வேர் ஏன் எடுக்க முடியவில்லை என்றுதான் தேட வேண்டும். மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஊற்றுவது எந்தத் தண்ணீர்? வாளி விளிம்பிலோ மண்ணின் மேலோ வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா? ஓரமாக மண்ணை விலக்கி வேரைப் பாருங்கள், சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவா? முடிச்சு இருந்தால் அது நூற்புழு, வைத்தியமே வேறு.

மாடிவாசல் | மார்ச் 4

காலையில் பார்த்தேன். வேரில் முடிச்சு எதுவும் இல்லை, ஆனால் நுனிகள் கொஞ்சம் பழுப்பு. வாளியின் உள் விளிம்பில் சுற்றிலும் வெள்ளைப் படிவு இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த மாதிரி. இதுவரை இதைக் கவனிக்கவே இல்லை.

தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்து ஊற்றுவேன். போன ஐப்பசியில் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டினோம், போர் தண்ணீருக்கு. அது வெளியே தள்ளும் தண்ணீர் நிறைய வீணாகிறதே என்று டிரம்மில் பிடித்து, அன்று முதல் எல்லாச் செடிக்கும் அதைத்தான் ஊற்றுகிறேன். இதுவா காரணம்?

செம்மண் | மார்ச் 4

அதுதான் காரணம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நினைத்தது நல்ல மனம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஆர்.ஓ. என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் குடிநீர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அந்த இரண்டு மூன்று லிட்டரில்தான் போகிறது. போர் தண்ணீரைவிடவும் உப்பு கூடிய நீர் அது.

அதிலுள்ள பைகார்பனேட் மண்ணைக் காரத் தன்மைக்குத் தள்ளும். காரம் ஏறினால் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். குதிரில் நெல் இருந்தும் சாவி தொலைந்த கதைதான். இலை நுனி தீய்ந்ததும், வேர் நுனி பழுப்பானதும் அதே உப்பால்.

ஐப்பசியிலிருந்து ஊற்றியும் இப்போதுதானே தெரிகிறது என்று தோன்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் மழை வாளியைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கும். தை பிறந்ததும் மழை நின்றது, உப்பு தங்க ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில் கவாத்தும் செய்தீர்கள், செடி முழுக்கப் புது இலை விட வேண்டிய கட்டாயம். அந்தப் புது இலைக்குத்தான் இரும்பு வேண்டும்.

சந்தேகம் இருந்தால் மேல் மண்ணில் ஒரு ஸ்பூன் எடுத்து, நன்றாகக் காயவைத்து, வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது முதலில் கழுவுவதுதான். மேலே ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வாளியின் அடித் துளைகள் அடைக்காமல் இருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். பிறகு குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளிக்கு 40 லிட்டர், நான்கு தடவையாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் முழுக்க வடிந்த பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கழுவிய உப்பை வேர் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இந்த நிலையில் எப்சம் உப்பும் யூரியாவும் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், இரண்டுமே உப்புச் சுமையைத்தான் கூட்டும்.

நிலக்கோட்டைக்காரன் | மார்ச் 4

சகோதரி, செம்மண் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வேர் சரியாக நாளாகும், அதுவரை இலை வழியாக இரும்பு கொடுக்க வேண்டும். நாங்கள் தோட்டத்தில் அடிப்பது அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். உரக் கடையில் கிடைக்கும். வெளிர் பச்சை நிறத்தில் இருந்தால் வாங்குங்கள், துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால் வாங்காதீர்கள், அது இலைக்கு ஏறாது. கலக்கும்போது அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கரைசல் சீக்கிரம் துருவேறாது. ஆர்.ஓ.வில் வரும் குடிநீரிலேயே கலக்குங்கள், கடினநீர் இதற்கும் ஆகாது.

வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். இளம் துளிர் என்பதால் முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகவில்லை என்றால் முழுச் செடிக்கும் அடிக்கலாம். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. மாடித் தரையில் பட்டால் துருக்கறை போகாது, கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் கவாத்தைப் பொங்கல் வரை தள்ளாதீர்கள். கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், செய்துவிட்டால் மாசியிலேயே அரும்பு கட்டும். மல்லி புதுக் கிளையில்தான் பூக்கும், கிளை முற்ற அதற்கு நாள் வேண்டும்.

வேப்பமரத்தடி | மார்ச் 5

எங்கள் வீட்டிலும் இதே ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம்! படித்ததும் பயமாகிவிட்டது. அந்தத் தண்ணீரை அப்புறம் என்னதான் செய்வது? கொட்ட மனம் வரவில்லை.

செம்மண் | மார்ச் 5

தரை துடைக்க, வாசல் கழுவ, கழிவறைக்கு. செடிக்கே ஊற்ற வேண்டும் என்றால் உப்பைத் தாங்கும் செடிக்கு ஊற்றுங்கள்: அரளி, காகிதப்பூ, பட்டு ரோஜா (பத்துமணிப் பூ). அதையும் நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றினால் நல்லது. மல்லி, ரோஜா, செம்பருத்திக்கு வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஏசி ஓடும் வீடாக இருந்தால் வெளியே சொட்டும் நீரை வாளியில் பிடியுங்கள். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிவதுதான் அது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு இரவுக்கு வாளி நிறையக் கிடைக்கும். சத்தும் இல்லாத நீர் என்பதால் வழக்கமான உரத்தை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மாடிவாசல் | மார்ச் 29

எல்லோருக்கும் முதலில் நன்றி. வினிகர் விட்டதும் மண் சோடா மாதிரி பொங்கியது. மார்ச் 7, 8 இரண்டு நாளும் இரண்டு வாளியையும் கழுவினேன். அன்னபேதி ஒரு கிளையில் அடித்துப் பார்த்து, பிறகு முழுவதும் அடித்தேன். நேற்று இரண்டாவது முறையும் ஆயிற்று. மஞ்சளாக வந்த இலைகள் ஓரளவுதான் மாறின. ஆனால் அதற்குப் பிறகு வந்த துளிர் எல்லாம் நல்ல பச்சை! இப்போது தினமும் ஏசி தண்ணீர்தான். என் கணவர் குழாயை நீட்டி நேராக டிரம்முக்கு விட்டிருக்கிறார்.

மொட்டும் வந்திருக்கிறது. ஆனால் ஒரு வாளியில் பாதி மொட்டுகள் வளராமல், அடிப்பக்கம் உப்பி, ஊதா நிறமாகிக் காய்கின்றன. இதுவும் உப்பா? அப்புறம், பொங்கலுக்கு வாங்கிய சாமந்தி இரண்டும் பூ முடிந்து வாடிக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் இப்போது என்ன நடலாம்?

நிலக்கோட்டைக்காரன் | மார்ச் 29

உப்பு இல்லை, பூச்சி. சாதிமல்லி என்றால் மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. குண்டுமல்லி மொட்டு ஊதாவானால் உள்ளே ஆள் இருக்கிறது. மொட்டில் ஓட்டையும், நூலாம்படை கட்டி இரண்டு மூன்று மொட்டு ஒட்டியும் இருந்தால் மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல் அடி உப்பியிருந்தால் மொட்டு ஈ. ஒரு மொட்டை நகத்தால் பிரித்துப் பாருங்கள்.

மாடிவாசல் | மார்ச் 30

பிரித்தேன். ஓட்டை இல்லை. உள்ளே கண்ணுக்குச் சிரமப்பட்டுத் தெரிகிற அளவுக்கு வெள்ளையாக நாலைந்து புழுக்கள்.

நிலக்கோட்டைக்காரன் | மார்ச் 30

மொட்டு ஈதான். மருந்துக்கு முன்னால் கைவேலை. ஊதா மொட்டு ஒவ்வொன்றையும் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள், கீழேயும் உதிரவிடாதீர்கள். இந்தப் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அங்கிருந்து ஈயாக வந்து திரும்ப மொட்டில் முட்டை வைக்கும். அதனால் மேல் மண்ணைக் கிளறி, வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்துவிடுங்கள். ஊடே வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

வீட்டில் இரண்டு செடிதானே, மொட்டு கிள்ளுவதை ஒருநாளும் விடாதீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். எங்களுக்கு ஏக்கர் கணக்கில் அது முடியாது.

செம்மண் | மார்ச் 30

சாமந்திக்காக வருத்தப்படாதீர்கள், அதில் உங்கள் குறை எதுவும் இல்லை. பகல் குறையும் காலத்தில் அரும்பு கட்டும் செடி அது. இனி பகல் நீண்டுகொண்டே போகும். பூத்த தண்டை அடியோடு வெட்டி, அரை நிழலில் வைத்துக் காப்பாற்றினால் ஆனி, ஆடியில் அடியிலிருந்து வரும் கன்றுகளைப் பிரித்து நடலாம்.

இப்போது வெயிலுக்கு நிற்கிறவை வேண்டும். பட்டு ரோஜாவைத் தண்டைக் கிள்ளி நட்டாலே போதும், பத்து மணி வெயிலில் மலரும். கோழிக்கொண்டை, ஜினியா இரண்டையும் விதையாகவே தூவலாம். புது ரோஜாக் கன்றை மட்டும் பங்குனியில் வாங்காதீர்கள். நாற்றங்கால் நிழலில் வளர்ந்தது, மாடித் தரையின் சூட்டில் வேர் பிடிப்பதற்குள் போய்விடும். மழை பெய்து மண் குளிரட்டும்.

மாடிவாசல் | ஏப்ரல் 18

அம்மா நேற்று வந்தார். பையைக்கூட வைக்காமல் நேராக மாடிக்குத்தான் போனார். முதல் வாளியில் 31 மொட்டு, மொட்டு ஈ வந்த வாளியில் 12. இன்று காலையும் இரண்டே இரண்டு ஊதா மொட்டு கிள்ளினேன், அவ்வளவுதான். சாயங்காலம் பறித்து அம்மாவே கட்டினார். சின்னச் சரம்தான், எனக்கும் மகளுக்கும் பிரித்து வைத்துவிட்டார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். முதல் தடவை பூத்து முடிந்ததும் மறுபடி கவாத்து செய்ய வேண்டுமா? அம்மா நுனியை மட்டும் கிள்ளினால் போதும் என்கிறார்.

நிலக்கோட்டைக்காரன் | ஏப்ரல் 18

அம்மா சொல்வதுதான் சரி. பூத்த நுனியை அதற்குக் கீழே இரண்டு கணு விட்டுக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும், அதில் அடுத்த பூ. கிள்ளிய அன்றே மண்புழு உரமும் ஒரு கை கொடுங்கள், கழுவியதில் சத்தெல்லாம் போயிருக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடி வழியாக வடியும்வரை ஊற்றுவதை மழை வரும்வரை விட வேண்டாம்.