கண்டிக் கூட்டத்துக்கு ஒரே ஒருமுறை வந்துபோன ஐயா: உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்

மூணாம் லயம்:

கண்டியில் நம்ம ஆட்களில், அதாவது ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகளில், வயசானவர்கள் மாதம் ஒருமுறை கூடுவது இங்கே பலருக்குத் தெரியும். இடத்தை எழுதவில்லை, போகிறவர்களுக்குத் தெரியும். ஐம்பது தாண்டியிருக்க வேண்டும், வேறு நிபந்தனை கிடையாது. மதியச் சாப்பாடு, தேத்தண்ணி, ஊர்க்கதை. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் காசைத் திருப்பிக் கொடுப்போம். அதற்கு ஒரு தாளில் பேர், ஊர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. அந்தத் தாளுக்குப் பொறுப்பு நான்.

டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு ஐயா முதல் தடவையாக வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். நீல ஸ்வெட்டர், கையில் பெரிய கறுப்புக் குடை. அட்டனில் விடியக்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கி வந்திருக்கிறார். அதிகம் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர் பழைய கங்காணி ஒருவரைப் போல நடித்துக் காட்டியபோது, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தாள் அவரிடம் போனது. மேலே எழுதியிருந்த பதினொரு பேரையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்து, தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, அது கணக்குக்கு வேணும். கையெழுத்து போடாட்டி பஸ் காசு இல்ல." எல்லார் முன்னாலும். அவர் தாளை வெளியே எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, மேசையில் வைத்தார். "இத்தன பேர ஒரே எடத்துல எழுதி வைக்காதீங்க தம்பி" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவில்லை. காசும் வாங்கவில்லை.

அந்தத் தாள் இன்னும் கணக்குக் கோப்பில்தான் இருக்கிறது, நாலு மடிப்போடு. யாருக்காவது அவரைத் தெரியுமா?

கொட்டகலைக்காரி:

எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் அதே மண்டபத்தில் எனக்கும் ஒன்று நடந்தது.

அன்றைக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். பேச்செல்லாம் சிங்களத்திலும் இங்கிலீஷிலும். நம்மை உத்தேசித்து ஒரு தம்பி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். பாவம், பார்ட்னர் என்பதற்கு அவனுக்குக் கிடைத்த சொல் பங்காளி. "அம்மா, உங்களுக்குப் பங்காளி இருக்காங்களா?" என்று என் பக்கத்தில் இருந்த தலவாக்கலை அம்மாவைக் கேட்டான்.

அம்மா யோசிக்கவே இல்லை. "பங்காளியெல்லாம் எழுபத்தொண்ணுல கப்பலேறிட்டாங்க. கூடலூர்ல இருக்கிறதா கேள்வி."

தம்பி அதை அப்படியே சிங்களத்தில் சொன்னான். கொழும்புப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு மகள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. பங்காளி என்றால் சித்தப்பா, பெரியப்பா மக்கள் என்று சொல்லித் திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். பிறகு, அந்தப் பெண் போனதும், மெதுவாக: "வுடு புள்ள. அந்தக் கப்பல்ல ஒருத்தியும் போனாதான்."

பேர் கேட்டேன். சொல்லவில்லை. "சாப்பாட்டுக்குக் கூப்புடுறாங்க பாரு" என்றார்.

நாவலப்பிட்டி 47:

என் அனுபவம் சின்னது. போன வருஷம் அந்தக் கூட்டத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் தட்டோடு நின்றவர் திரும்பினார். என் சொந்தத் தாய்மாமன். எனக்கு அறுபத்திரண்டு, அவருக்கு எழுபது. அரை நிமிஷம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு நான் சொன்னது, "மாமா, பருப்பு எடுங்க." எடுத்துக்கொண்டார். ஒரே பஸ்ஸில்தான் ஊர் வந்தோம். அவர் முன் சீட், நான் பின் சீட். இதுவரை அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. தீபாவளிக்கு வந்து பலகாரம் தந்துவிட்டுப் போனார்.

சரி, தாள் விஷயத்துக்கு வருகிறேன். மூணாம் லயம் மேல் குற்றம் சொல்ல முடியாது. காசு தருகிறவர்கள் கணக்குக் கேட்பார்கள். ஆனால் முறையாகச் செய்திருக்கலாம். எல்லாருக்கும் ஒரே தாள் வைக்காமல் ஆளுக்கொரு துண்டு கொடுத்திருந்தால் அடுத்தவர் பேரை யாரும் பார்க்க முடியாது.

அந்த ஐயாவுக்கு யாராவது சட்டத்தையும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நம்ம ஆட்களின் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இரண்டும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளவை. 1995இல் திருத்தினார்கள், எடுப்பதற்கல்ல, 365ஏக்குள் பெண்களையும் கொண்டுவருவதற்கு. அதே வருஷம்தான் கொழும்பில் கம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி என்ற நம்ம ஆட்களின் அமைப்பு தொடங்கியது. 2004இல் ஈக்குவல் கிரவுண்ட். அதைத் தொடங்கிய ரொசானா பிளேமர் கல்தேரா கொண்டுபோன முறைப்பாட்டில்தான் 2022இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு இலங்கை செய்வது பிழை என்று சொன்னது. 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும், இந்தப் பிரிவுகளை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்றது. ஆகவே முன்னைய மாதிரிப் பயப்படத் தேவையில்லை.

இன்னொன்று, வயசானவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டியது. உயில் எழுதுங்கள். நொத்தாரிசு முன்னால் என்றால் இரண்டு சாட்சி போதும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சி வேண்டும். நம் ஆட்களுக்கு ஐந்து சாட்சி பிடிப்பதுதான் கஷ்டம், நொத்தாரிசிடமே போங்கள். கூட இருந்தவருக்கு நீங்கள் எழுதாமல் எதுவும் போகாது, அண்ணன் மகன் வந்து கட்டிலைக்கூடத் தூக்கிக்கொண்டு போவான். ஈ.பி.எஃப். காசு ஆணுக்கு 55இலும் பெண்ணுக்கு 50இலும் எடுத்திருப்பீர்கள், அதில் மிச்சம் இருந்தால் அதையும் எழுதுங்கள். லயக் காம்பராவை, தோட்டத்து வரிசை வீட்டு அறையை, எழுத முடியாது, அது தோட்டத்துச் சொத்து. பேங்க் புத்தகத்தை இரண்டு பேர் பேரிலும் மாற்றலாம். அடையாள அட்டைப் பிரதி மூன்று எடுத்து…

பதுளை றோட்:

உயிலைப் பற்றி யார் அண்ணே கேட்டது? மாமாவைப் பற்றிச் சொல்லுங்கள், அதுதான் கதை.

சட்டத்தைப் பற்றியும் அரைக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். நீதிமன்றம் சொன்னது சட்டமூலத்தைக் கொண்டுவரலாம் என்று. கொண்டுவந்து நிறைவேற்றினார்களா? 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, அதோடு அதுவும் போனது. 365 அப்படியே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களைப் பிடிக்க 1841ஆம் ஆண்டு வேகிரன்ட்ஸ் சட்டமும் இருக்கிறது. ஐயாவுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை, நல்லாகத் தெரிந்துதான் மடித்து வைத்திருக்கிறார்.

என்னுடையது இது. பண்டாரவளையில் இரண்டு பேர், ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சர், மற்றவர் மிட்வைஃபாக இருந்தவர். முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வீடு. ஊருக்கு அக்கா தங்கச்சி. டீச்சர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். படிவத்தில் உறவு என்ற இடத்தில் "சகோதரி" என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா பேர் வேறாக இருக்கிறதே என்று வார்ட்டில் கேட்டதற்கு, "பெரியம்மா மக" என்று மிட்வைஃப் சமாளித்திருக்கிறார்.

கூட்டத்தின் சார்பில் நானும் இன்னொருவரும் பார்க்கப் போனோம், இரண்டு தம்பிலி இளநீரோடு. கட்டிலோரம் உட்கார்ந்து மிட்வைஃப் டீச்சருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பாதிப் பின்னல். எங்களைக் கண்டதும் கை நின்றது. சீப்பைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

எங்களைக் கண்டு. நாங்கள் யாரென்று தெரிந்தே. பாதிப் பின்னலோடுதான் டீச்சர் முக்கால் மணி நேரமும் எங்களோடு பேசினார்.

ராகலை மகள்:

மூணாம் லயம் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். உங்கள் தாளில் அடையாள அட்டையில் உள்ளபடி பேர் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேர் கூப்பிட்டார்கள். சேலை கட்டி, பூ வைத்துப் போயிருந்தேன். அப்பா வைத்த பேரை மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்கள், பின்னால் ஒரு "ஐயா" வேறு. நான் எழும்பவில்லை. மூன்று தரம் கூப்பிட்டார்கள். என் பார்சலை யார் எடுத்தார்களோ தெரியாது.

இதற்குப் பதிலாக யாரும் 2016 சுற்றறிக்கை, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்று தொடங்க வேண்டாம். எனக்கும் தெரியும். அந்தச் சான்றிதழைக் காட்டிப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மாற்ற வேண்டும், பிறகுதான் அடையாள அட்டை. என் பிறப்பையே யாரும் பதியவில்லை அண்ணே. 2003இல் சட்டம் வரும்வரை அம்மாவுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. இல்லாத பத்திரத்தில் எதை மாற்றுவது?

நாவலப்பிட்டி 47:

வயசு கடந்த பிறப்புப் பதிவு என்று ஒரு முறை இருக்கிறது. பிரதேச செயலகத்தில்…

ராகலை மகள்:

அண்ணே.

காமன் பொட்டல்:

நாவலப்பிட்டி அண்ணன் பயம் என்றால் பொலிஸ் மட்டும்தான் என்று நினைக்கிறார். நம்ம மலைகளில் தாள் என்றாலே வேறு. தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் பேர் இருந்தால் சம்பளம், வெட்டினால் பத்துச்சீட்டு, வேலை போச்சு. 1964 ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் தோட்டம் தோட்டமாகத் தாள் வந்தது. எங்கள் பாட்டன் எதில் கைநாட்டு வைத்தோம் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஐயாவுக்கு எழுபது தாண்டியது என்றால் அதையெல்லாம் வாலிபத்தில் பார்த்தவர்.

என் கதை அந்தக் கூட்டத்தில் கேட்டதுதான். ஒருவர் எங்கள் பக்கத்தில் இருபத்திரண்டு மாசி ரதி கட்டியவர். காமன் கூத்து தெரியும்தானே, பிறை பார்த்துக் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடந்து, கடைசியில் சிவன் எரித்த பிறகு ரதி புலம்புவது. ஆம்பிளைதான் ரதி. தை கடைசியிலேயே மீசையை எடுத்துவிடுவார். கூத்தை விட்டு இருபது வருஷமாகியும் அவர் மீசை வைக்கவில்லை.

மன்மதன் கட்டியவரும் இருபத்திரண்டு வருஷமும் ஒரே ஆள். அடுத்த லயம். பெண்சாதி, நாலு பிள்ளை. அவர் செத்த அன்றைக்கு இவர் என்ன செய்தார் என்று யாரோ கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டார்கள்.

"தேத்தண்ணி ஊத்துனேன்" என்றார். "பெரிய சட்டி. ரெண்டு நாளும் நான்தான் ஊத்துனேன். உள்ள பொம்பளைங்க பாட்டு பாடி அழுதாங்க. ஒரு எடத்துல அடி தப்பாப் பாடுனாங்க. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு."

யாரும் ஒன்றும் பேசவில்லை. அவரே, "ப்ளேன்டீ இருக்கா?" என்று கேட்டு எழுந்து போனார். போகும்போது வலது கை இடுப்புக்குப் போய், சேலைக் கொசுவத்தைத் தூக்குகிற மாதிரி ஒரு பிடி பிடித்தது. கட்டியிருந்தது சாரம்.

எந்த அடி என்று கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த தடவை கேட்க வேண்டும் என்று நினைத்தேன். போன மாரிக்குப் பிறகு அவர் வரவில்லை. நெஞ்சுச் சளி என்கிறார்கள்.

மூணாம் லயம்:

ராகலை அக்கா, அன்றைக்கு பேர் கூப்பிட்டதும் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இங்கே எழுதுவது லேசு, நேரில் வரும்போது சொல்கிறேன். உங்கள் பார்சலைக் கடைசியில் வாட்ச்சருக்குக் கொடுத்தோம்.

தாளை நிறுத்திவிட்டோம். காசு தருகிறவர்களோடு ஒரு மாதம் இழுபறி. கடைசியில், இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை ரூபா போனது என்று நான் ஒருத்தன் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். முதலே கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. இப்போது வாசலோரம் ஒரு பிஸ்கட் டின். சில்லறை போட்டு வைக்கிறோம், அவரவர் பஸ் காசை அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் எண்ணிப் பார்த்தால் நாற்பது ரூபா கூட இருந்தது. யாருக்கோ எண்ணத் தெரியவில்லை.

டிக்கோயா ஐயாவைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. நீல ஸ்வெட்டர், கறுப்புக் குடை. அட்டன் பஸ்ஸில் பார்த்தால் தாள் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒன்றும் பேச வேண்டாம்.

நாவலப்பிட்டி 47:

டின் நல்ல யோசனை. மூடியில் ஒரு ஓட்டை போட்டு… சரி, விடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு மாதமாக முழங்கால் நோவால் நான் வரவில்லை. என் மாமா வந்தாரா?

மூணாம் லயம்:

இரண்டு தடவையும் வந்தார். பருப்புக்கு உப்புக் கூடிவிட்டது என்றார்.