பென்குயினுக்குப் பக்கத்தில் பனிக்கரடி: உங்கள் உதவி தேவை

வணக்கம். உதகைக்கு அருகே தலைகுந்தாவில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். போன வாரம் துருவத்தை வரையச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் பென்குயினையும் பனிக்கரடியையும் கைகோத்து நிற்க வைத்துவிட்டார்கள். பின்னால் ஓர் இக்ளூ, அதாவது பனிக்கட்டி வீடு வேறு! மார்கழியில் புல்வெளியெங்கும் உறைபனி பூத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள்தான். கார்ட்டூனும் ஐஸ்கிரீம் விளம்பரமும் செய்த வேலை இது.

பனிக்கரடி வாழ்வது வடதுருவத்து ஆர்க்டிக்கில், உறைந்த கடல் மேல். பென்குயின் வாழும் அண்டார்டிகாவோ தென்துருவத்தில் பனி மூடிய கண்டம். பூர்வகுடிகளே இல்லாத இடத்தில் இக்ளூ எப்படி வரும்? ஆவணப்படமும் லேசுப்பட்டதல்ல. ஆர்க்டிக் பூர்வகுடிக் குடும்பம் ஒன்றைப் பற்றி 1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்' படத்துக்காக, கேமராவுக்கு வெளிச்சம் வேண்டுமென்று இக்ளூவை ஒரு பக்கம் திறந்தே கட்டினார்கள். வீட்டுக்குள் உறங்குவதாகக் காட்டப்பட்ட குடும்பம் உண்மையில் திறந்தவெளியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் சிறிய கண்காட்சி வைக்க எண்ணம். பழைய சிறுவர் இதழ்கள், காமிக்ஸ், விளம்பரங்களில் வந்த துருவப் படங்கள் இருந்தால் கைபேசியில் படமெடுத்து அனுப்புங்கள். தவறாக வரைந்தவையே எனக்கு அதிகம் வேண்டும். அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களில் பணியாற்றிய தமிழர் யாரையாவது தெரியுமா? அரை மணி நேரம் காணொளியில் பிள்ளைகளோடு பேசினால் போதும். அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.