டைப்ரைட்டிங் தெரியும், வேர்டு பிடிபடவில்லை: எதிலிருந்து ஆரம்பிப்பது?

கோட்டையூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. பள்ளி முடித்த கையோடு காரைக்குடியில் டைப்ரைட்டிங் படித்து, தமிழ் லோயர், இங்கிலீஷ் லோயர் இரண்டும் பாஸ் செய்தேன். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், விசேஷ வீடுகளுக்குத் தேன்குழலும் அதிரசமும் போட்டுக் கொடுப்பது என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அடுப்பு முன்னால் நிற்க இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. மூன்று மாதமாக ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கடிதமும் கொட்டேஷனும் வேர்டில் அடிக்க வேண்டும்.

வேகமாக அடிப்பேன், அதில் குறையில்லை. ஆனால் அடித்தது அடித்தபடி நிற்பதில்லை. முதலாளி ஐயாவின் கடிதம் எதுவாக இருந்தாலும் மேலே நடுவில் பிள்ளையார் சுழி இருக்க வேண்டும். ஸ்பேஸ் தட்டித் தட்டித்தான் அதை நடுவுக்குக் கொண்டுபோகிறேன். எழுத்தின் அளவை மாற்றினால் நகர்ந்துவிடுகிறது. ஒரு பத்தி நடுவே ஒரு வார்த்தை சேர்த்தால் கீழ் வரிகள் பாதி பாதியாக உடைகின்றன.

போன வாரம் நடந்ததுதான் மனதை அறுக்கிறது. 8 அங்குலக் கல், 10 அங்குலக் கல் இரண்டுக்கும் சதுர அடி விலை போட்டு வெளியூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் போனில் திறந்து பார்த்தபோது எண்களெல்லாம் இடம் மாறி, ஒன்றின் விலை மற்றதன் பக்கத்தில் நின்றிருக்கிறது. ஐயா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். வழி சொல்லுங்கள்.

பழைய தட்டச்சு ஆசிரியர், தேவகோட்டை:

அம்மா, உங்கள் கோளாறு எனக்குப் படித்தவுடனே புரிந்துவிட்டது. நானும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தவன். மெஷினில் வரி முடிந்தால் தாள் சுற்றிய கேரியேஜைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவோம். அந்தப் பழக்கத்தில் வேர்டிலும் ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் தட்டுகிறீர்கள். வேர்டுக்கு எண்டர் என்றால் பத்தி முடிந்தது என்று பொருள். வரியை அதுவே மடித்துக்கொள்ளும். பத்தி முடியும்வரை எண்டர் பக்கம் விரல் போகவே கூடாது.

நடுவில் வைக்க மெஷினில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? தாளின் நடுவுக்குப் போய், இரண்டு எழுத்துக்கு ஒரு பேக்ஸ்பேஸ். அந்தக் கணக்கு இங்கே வேண்டாம். பிள்ளையார் சுழி இருக்கும் வரியில் கர்சரை வைத்துக் கண்ட்ரோல் இ. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் நடுவிலேயே நிற்கும்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பழைய கடிதம் ஒன்றைத் திறந்து கண்ட்ரோல் ஷிப்ட் 8 அழுத்துங்கள். எண்டர் தட்டிய இடமெல்லாம் ஒரு குறி, ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் புள்ளி தெரியும். வரிசையாகப் புள்ளிகள் ஓடினால் அங்கேதான் தப்பு. வேர்டு கற்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

விலைப்பட்டியலை ஸ்பேஸில் அடிக்கவே அடிக்காதீர்கள். இன்சர்ட் போய் டேபிள். டிசைன், அளவு, சதுர அடி, விலை, தொகை என்று ஐந்து கட்டம். எண்களை வலப்பக்கம் ஒட்ட வையுங்கள், அதற்குக் கண்ட்ரோல் ஆர். கடைசிக் கட்டத்தில் டேப் அழுத்தினால் புது வரிசை தானே வரும்.

செக்காலை தம்பி:

அக்கா, ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்புவதை வேர்டு ஃபைலாக அனுப்பாதீர்கள். எஃப்12 அழுத்தி, வகையில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். போனில் திறந்தாலும் கட்டம் நகராது.

தமிழ் எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள்? பாமினி என்றால், அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறிவிடுங்கள். விரல் பழக்கத்தை விட வேண்டியதில்லை. என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ் அடிக்கும் மென்பொருளில் பழைய தட்டச்சு முறையிலேயே யூனிகோடு அடிக்கலாம். 1999-இல் வந்த தமிழ்99 என்ற விசைப்பலகை முறையும் அதிலேயே இருக்கிறது. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நாலே தட்டில் அம்மா வந்துவிடும், புள்ளி தனியாகப் போட வேண்டாம். ஆனால் வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், கை தடுமாறும்.

பள்ளத்தூர் வாசகி:

தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வும் எழுதி வைத்தால் நல்லது. தட்டச்சுச் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிறதே.

கோட்டையூர்க்காரி:

கண்ட்ரோல் ஷிப்ட் 8 போட்டுப் பார்த்தேன். பக்கம் முழுக்கப் புள்ளி. மூன்று மாதமாக எங்கே தப்பு செய்தேன் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஐயாவுக்கு மிகவும் நன்றி.

நேற்று மாலை வேலை முடிந்து ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, கொட்டேஷனைக் கட்டம் போட்டுப் புதிதாக அடித்தேன். கல் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். 8 அங்குலக் கல் சதுர அடிக்கு இரண்டேகால் பிடிக்கும், 640 சதுர அடிக்கு 1,440 கல். வாடிக்கையாளர்கள் கேட்பதே அதைத்தான். பிடிஎஃப் ஆக்கி என் மகள் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன், ஒரு எண் நகரவில்லை. அந்த வெளியூர்க்காரருக்கும் மன்னிப்புக் கேட்டு இதையே அனுப்பிவிட்டேன்.

தம்பி, எழுத்துரு பாமினிதான். என்ஹெச்எம் ரைட்டரில் பழைய முறையிலேயே ஆரம்பிக்கிறேன். தேர்வைப் பற்றி யோசிக்கிறேன், முதலில் கையில் இருக்கும் வேலை சுத்தமாக வரட்டும்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? தொகைக் கட்டத்தைக் கால்குலேட்டரில் கூட்டித்தான் அடிக்கிறேன். வேர்டே கூட்டுமா?

பழைய தட்டச்சு ஆசிரியர், தேவகோட்டை:

கூட்டும் அம்மா. தொகை வரிசையின் கீழே, காலிக் கட்டத்தில் கர்சரை வைத்து, டேபிளுக்கான லேஅவுட்டில் ஃபார்முலா அழுத்துங்கள். மேலே உள்ளதைக் கூட்டும் சூத்திரம் பெரும்பாலும் தானே வந்து நிற்கும், ஓகே கொடுங்கள். ஆனால் பிறகு ஒரு விலையை மாற்றினால் கூட்டுத்தொகை தானாக மாறாது. அந்தத் தொகையைத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்த வேண்டும். பழகும்வரை கால்குலேட்டரிலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டே அனுப்புங்கள்.